போன் மேப்பா, கார் திரையா, டீக்கடை அண்ணாச்சியா?

களக்காட்டுப் பக்கம் ஒரு கோயில் கொடைத் திருவிழாவுக்குப் போனபோது, போன் சொன்ன இடத்தில் திரும்பி ஒரு குளத்துக் கரையில் காரை ஏற்றிவிட்டேன். தொடக்கத்தில் நல்ல சரள் பாதைதான். போகப் போகக் கரை ஒடுங்கிக்கொண்டே வந்தது. இடப்பக்கம் தண்ணீர், வலப்பக்கம் பள்ளத்தில் வயல், எதிரே மடை. மடையின் மேல் கார் போக அகலமில்லை, திருப்பவும் இடமில்லை. மனைவி இறங்கிப் பின்னால் நின்று கை காட்ட, அரைக் கிலோமீட்டர் ரிவர்ஸிலேயே வந்தேன். அவ்வளவு நேரமும் போன் "நேராகச் செல்லவும்" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தது.

வீட்டுக்கு வந்து அந்த இடத்தின் செயற்கைக்கோள் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அந்தக் கரை ஓரத்தில் பனைவரிசையும் நடுவே வெளிறிய பட்டையுமாக, அளவெடுத்துப் போட்ட கோடு மாதிரி கிடந்தது. மேலிருந்து பார்த்து வரைகிற யாருக்கும் அது சாலையாகத்தான் தெரியும். ஊருக்கு ஒரு குளம் இருக்கிற நம் நெல்லைச் சீமையில் இந்தத் தவறு நடக்க இடம் நிறையவே இருக்கிறது.

"சாட்டிலைட் தப்பாக் காட்டிருச்சு" என்றுதான் இந்த மாதிரி நேரத்தில் எல்லோரும் சொல்வோம். உண்மையில் சாட்டிலைட் வழி காட்டுவதே இல்லை. சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள், தாம் இருக்கும் இடத்தையும் அந்த நொடியின் நேரத்தையும் மட்டும் ஓயாமல் அனுப்பிக்கொண்டிருக்கின்றன. குறைந்தது நான்கிலிருந்து வரும் சமிக்ஞை கிடைத்தால், அவை வந்து சேர்ந்த நேரத்தை வைத்துப் போன் தன் இடத்தைக் கணக்கிட்டுக்கொள்ளும். நொடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிசகினாலே 300 மீட்டர் தள்ளிப்போய்விடும் கணக்கு அது. அப்படியும் திறந்த வெளியில் சாதாரண போன் ஏறத்தாழ ஐந்து மீட்டருக்குள் சரியாகச் சொல்லிவிடுகிறது. அன்று நான் கரையில் எங்கே நிற்கிறேன் என்பதைப் போன் துல்லியமாகத்தான் காட்டியது. பிழை இருந்தது கரையைச் சாலையாக்கிய படத்தில். அதைக் குறுக்குவழி என்று எடுத்துக்கொண்ட கணக்கில்.

ஆகவே எது நல்லது என்று ஒப்பிடும்போது மூன்று கேள்விகளைத் தனித்தனியாகக் கேட்க வேண்டும். நான் இருக்கும் இடம் சரியா? படம் சரியா? தேர்ந்தெடுத்த வழி சரியா?

இணையத்தோடு ஓடும் போன் வரைபடத்தைத்தான் நம்மில் பெரும்பாலோர் வைத்திருக்கிறோம். கூகுள் மேப்ஸ் போன்றவற்றின் பெரிய பலம் நெரிசல் விவரம். சாலையில் போகிற போன்களின் வேகத்தை வைத்தே அது தெரிந்துகொள்கிறது. அதனால் மாலை நேரத்தில் நெல்லை வண்ணாரப்பேட்டையையோ ஜங்ஷனையோ தாண்ட வேண்டுமானால் இதை மிஞ்ச எதுவும் இல்லை. மதுரையிலிருந்து நாகர்கோவில் போகும் நான்குவழிச் சாலையிலும் இதை நம்பிப் போகலாம்.

சிக்கல், பெரிய சாலையிலிருந்து ஊருக்குள் பிரிகிற விலக்கில் திரும்பியதும் ஆரம்பிக்கிறது. கிராமத்துச் சாலையில் ஓடுகிற போன்கள் குறைவு, ஆகவே தரவும் குறைவு. ஒவ்வொரு பாதைக்கும் ஒரு வேகத்தை ஊகித்துக்கொண்டு கணக்குப் போட்டால், இரண்டு நிமிடம் மிச்சம் என்று நம்மைச் சந்துக்குள் இழுத்துவிடும். இன்னொன்றையும் பாருங்கள்: 2017 டிசம்பரில் கூகுள் இந்தியாவில் இருசக்கர வாகனத்துக்குத் தனி வழி கொண்டுவந்தது. பைக்கில் போய் வந்த பிறகு அதை மாற்றாமல் காரில் ஏறினால், போன் நம்மை இன்னும் பைக்காகவே நினைத்துக்கொண்டிருக்கும். கார்களைக் குறுகிய சாலைகளிலிருந்து விலக்கிக் கூட்டிப்போகும் வசதியை 2024-ல் தொடங்கியபோது சென்னை, கோவை உட்பட எட்டு நகரங்களில்தான் கொடுத்தார்கள். நெல்லை அதில் இல்லை.

பெயர்க் குழப்பம் தனி. பொதிகை அடிவாரத்தில் நம் பாபநாசம் இருக்கிறது. கும்பகோணத்துக்குப் பக்கத்தில், தஞ்சாவூர் மாவட்டத்தில் இன்னொரு பாபநாசம் இருக்கிறது. சேரன்மகாதேவியை ஆங்கில எழுத்தில் ஆளுக்கொரு விதமாக எழுதுகிறார்கள். வெறும் "புதூர்" என்று தேடினால் எந்தப் புதூர் வரும் என்று சொல்லவே முடியாது. பக்கத்து ஊரின் பெயரையும் சேர்த்துத் தேடுங்கள். புறப்படும் முன் மொத்தத் தூரத்தை ஒரு தடவை பாருங்கள். பாளையங்கோட்டையிலிருந்து பாபநாசத்துக்கு முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் காட்டினால் அது நம்மூர் இல்லை.

இணையம் இல்லாமல் ஓடும் வரைபடங்கள் இரண்டாவது வகை. ஆர்கானிக் மேப்ஸ், ஓஎஸ்எம்ஆண்ட் ஆகிய இரண்டு செயலிகளும், பொதுமக்களே சேர்ந்து வரையும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பின் படத்தை முன்கூட்டியே போனில் இறக்கி வைத்துக்கொள்கின்றன. காரையாறு, மணிமுத்தாறு பக்கம் டவர் போய்விட்டால் ஜிபிஎஸ்ஸும் போய்விடும் என்று பலர் நினைக்கிறார்கள். போன் செயற்கைக்கோளைக் கேட்க மட்டும்தான் செய்கிறது. அதற்கு டவர் வேண்டாம், டேட்டாவும் வேண்டாம். டவர் இல்லாதபோது வராமல் போவது புதுப் படமும் மாற்றுவழிக் கணக்கும்தான். முதல் தடவை இடத்தைப் பிடிக்கக் கொஞ்சம் கூடுதல் நேரமும் ஆகும். படம் கையில் இருந்தால் இந்தக் கவலை இல்லை. நெரிசல் தெரியாது, கடைகளின் பெயர்கள் குறைவு. ஆனால் மண்பாதை, தார்ச்சாலை, கரை எல்லாவற்றையும் வேறுவேறு கோடாக வரைகிற வழக்கம் அதில் உண்டு. மலைப்பக்கம் போனால் நான் இதைத்தான் திறக்கிறேன்.

மலையில் எந்தப் படமும் போதாது என்பதையும் சொல்ல வேண்டும். மாஞ்சோலைக்குக் கோடு தெளிவாக இருக்கும், நேரமும் காட்டும். வழியில் வனத்துறைச் சோதனைச்சாவடி இருப்பதும், அனுமதி இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள் என்பதும் அந்தக் கோட்டில் வராது.

மூன்றாவது காரோடு வரும் திரை. போனை இணைத்து அதே வரைபடத்தைப் பெரிய திரையில் பார்ப்பதை இதோடு சேர்க்காதீர்கள், அது போன்தான். காருக்கென்றே உள்ள வழிகாட்டி, சக்கரம் எத்தனை சுற்றுச் சுற்றியது, வண்டி எந்தப் பக்கம் திரும்பியது என்பதையும் எடுத்துக்கொள்கிறது. சமிக்ஞை அறுந்தாலும் கொஞ்ச தூரம் இடத்தைத் தவறவிடாது. நெல்லை ஜங்ஷனில் திருவள்ளுவர் ஈரடுக்கு மேம்பாலம் இருக்கிறதே, அங்கே இதன் அருமை தெரியும். ஜிபிஎஸ் உயரத்தைச் சொல்வதில் எப்போதும் ஒரு படி மோசம். மேல் தட்டில் இருக்கிறோமா கீழ்த் தட்டில் இருக்கிறோமா என்று போனுக்குத் திண்டாட்டம். நான்குவழிச் சாலையை ஒட்டிய சர்வீஸ் ரோட்டிலும் இதே கதைதான். இரண்டுக்கும் இடையே சில மீட்டர் மட்டுமே இருப்பதால், போன் நம்மைப் பக்கத்துச் சாலையில் ஒட்டவைத்துவிடும். விலக்கைத் தவறவிட்டால் அடுத்த திருப்பம் வரை போய்த்தான் வர வேண்டும். காரின் திரைக்கு உள்ள குறை, படம் பழசாகிவிடுவது. காரை வாங்கியதோடு படத்தைப் புதுப்பிக்காமல் விட்டவர்களே அதிகம். நேற்று போட்ட புறவழிச்சாலையில் கார் போகும், திரையில் அம்புக்குறி வயலுக்குள் ஓடும்.

மேப்பல்ஸ் என்ற இந்தியச் செயலியும் இருக்கிறது. அதை நடத்தும் மேப்மைஇந்தியா, 2021-ல் இஸ்ரோவோடு ஒப்பந்தம் போட்டது. வீட்டு வாசல் வரை குறிக்க ஆறு எழுத்துக் குறியீடு தருகிறது. கதவு எண் வரிசையாக இல்லாத தெருக்களில் அது உதவும்.

கடைசியாக ஆள். விலக்கில் டீக்கடை இருந்தால் நான் காரை நிறுத்தாமல் போவதில்லை. அன்று ரிவர்ஸில் வந்த பிறகுதான் கேட்டேன்.

"அண்ணாச்சி, இந்தக் கரை வழியாக் கார் போவுமா?"

"பைக்கு போவும் தம்பி, காரு போவாது. நேரா மேக்க போயி, பள்ளிக்கூடத்தத் தாண்டித் தெக்க திரும்புங்க. மினிபஸ் வார ரோடு."

பத்து நிமிடத்தில் கோயில் வாசலில் இருந்தோம். மினிபஸ் வருகிற சாலை என்றால் கார் நிச்சயம் போகும். அதிலிருந்து நான் கேட்கிற கேள்வியே மாறிவிட்டது. "இன்ன ஊருக்கு எப்படிப் போகணும்" என்று கேட்பதில்லை, "மினிபஸ் எந்த வழியாப் போகுது" என்றுதான் கேட்கிறேன். ஆளிடமும் குறை உண்டு. நம் ஊரில் கிழக்கு மேற்கு வைத்துத்தான் வழி சொல்வார்கள். வெளியூர்க்காரர் மத்தியான வெயிலில் மேற்கு எது என்று தேடி நிற்பார். அப்போது மட்டும் போனை எடுத்துத் திசை பார்த்துக்கொள்ளலாம்.

மழைக்காலத்தில் ஆளை விட்டால் வேறு வழியே கிடையாது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணியில் வந்த வெள்ளத்தை நாம் மறக்க மாட்டோம். பல இடங்களில் போன் தொடர்பே அறுந்து கிடந்தது. ஒரு சாலையில் வண்டியே ஓடவில்லை என்றால், அது காலியாக இருக்கிறதா, தண்ணீருக்குள் இருக்கிறதா என்று வரைபடத்துக்கு உடனே தெரிவதில்லை. தரைப்பாலமோ ரயில்வே சுரங்கப்பாதையோ வழியில் இருந்தால், மழை நாளில் எதிரே வருகிற பஸ் டிரைவரைக் கை காட்டி நிறுத்திக் கேட்டுவிடுவேன்.

அந்தக் குளத்துக் கரையை அப்படியே விட மனசில்லை. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் கணக்குத் தொடங்கி, அந்தக் கோட்டின் வகையை "சாலை" என்பதிலிருந்து "மண்தடம்" என்று மாற்றினேன். கார் போகாது என்றும் குறித்தேன். பத்து நிமிட வேலை. யார் வேண்டுமானாலும் திருத்தலாம். அந்தப் படத்தை எடுத்து ஓடுகிற செயலிகளுக்கு அடுத்த புதுப்பிப்பில் திருத்தம் போய்ச் சேரும். மற்ற செயலிகளில் தவறைத் தெரிவிக்கும் பொத்தானை அழுத்தி, மடையின் படத்தோடு அனுப்பியிருக்கிறேன். அவர்கள் பார்த்துத் திருத்தும் வரை அந்த விலக்கில் திரும்புகிறவர்கள் டீக்கடையில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போங்கள்.