147 பொருள்கள் கொண்ட கைக்கடிகாரக் கருவிப் பெட்டி: ஓராண்டுக்குப் பின் ஒரு மதிப்புரை

கைக்கடிகாரத்தின் பின்மூடியை வீட்டிலேயே திறந்து பேட்டரி மாற்றிக்கொள்வதற்கென்று இணையக் கடைகளில் விற்கப்படும் கறுப்பு ஜிப் பெட்டிகளுள் ஒன்றைக் கடந்த ஆண்டு 700 ரூபாய்க்குச் சற்றுக் குறைவான விலையில் வாங்கினேன். தயாரித்தவர் யார் என்ற விவரம் எங்கும் இல்லை. 147 பொருள்கள் என்ற எண்ணிக்கை மட்டும் பெரிதாக அச்சிடப்பட்டிருந்தது. பிரித்து எண்ணியபோது அவற்றுள் 108, ஸ்ட்ராப்பைக் கடிகாரத்தோடு பிணைக்கும் சிறு கம்பிகள் என்பது தெரிந்தது. எஞ்சியவற்றிலும் ஸ்ட்ராப்பின் கண்ணிகளைக் கழற்றும் ஊசிகள் பாதி இடத்தை அடைத்துக்கொண்டிருந்தன. பேட்டரி மாற்றும் வேலைக்கு உண்மையில் பயன்படுபவை ஐந்தோ ஆறோதான் என்பதால், அவற்றைப் பற்றி மட்டுமே இங்கு எழுதுகிறேன்.

முதலில் திறந்தது என் மனைவியின் கடிகாரத்தை. ஒரு கடையில் பேட்டரி மாற்றி வாங்கி ஓராண்டுகூட ஆகாத நிலையில் அது நின்றுபோயிருந்தது. அழுத்தி மூடும் வகைப் பின்மூடி. அதன் விளிம்பில் ஓரிடத்தில் மட்டும் நகக்கண் அளவுக்கு ஒரு பள்ளம் இருக்கும், கத்தியின் முனையை அங்கேதான் செருக வேண்டும். பெட்டியில் இருந்த கத்தி கனமாகவும் கைக்கு அடக்கமாகவும் இருந்தபோதிலும் அதன் முனை மழுங்கலாக இருந்ததால், முதல் முயற்சியிலேயே வழுக்கி மூடியின் மேல் ஒரு கோடு போட்டுவிட்டது. பிறகு சாணைக்கல்லில் முனையைச் சற்றுத் தீட்டி, மூடியின் மேல் காகித டேப் ஒட்டிக்கொண்டு முயன்றபோது ஒரே நெம்பலில் திறந்துகொண்டது. நெம்புவதைவிடக் கத்தியை மெல்லத் திருகுவதே சரியான முறை என்பதையும் அப்போதுதான் கற்றேன். நெம்பினால் கத்தி உள்ளே பாய்ந்து மெஷினைக் குத்திவிடக்கூடும்.

உள்ளே பார்த்தபோது இரண்டு செய்திகள் புலப்பட்டன. மூடிக்கும் கூட்டுக்கும் இடையில் இருக்க வேண்டிய மெல்லிய ரப்பர் வளையத்தைக் காணவில்லை. பேட்டரியின் மேல் எல்.ஆர்.626 என்ற எண் பொறிக்கப்பட்டிருந்தது. அந்த இடத்தில் இருக்க வேண்டியது எஸ்.ஆர்.626 எஸ்.டபிள்யூ.; கடைகளில் 377 என்று கேட்டாலும் அதையே தருவார்கள். இரண்டும் 6.8 மில்லிமீட்டர் விட்டமும் 2.6 மில்லிமீட்டர் கனமும் கொண்டவை என்பதால் அளவில் வேறுபாடு தெரியாது. வேறுபாடு உள்ளே இருக்கும் வேதிப்பொருளில் இருக்கிறது. முன்னது அல்கலைன், அதன் மின்னழுத்தம் 1.5 வோல்ட்டில் தொடங்கி நாளுக்கு நாள் இறங்கிக்கொண்டே போகும். பின்னது சில்வர் ஆக்சைடு, 1.55 வோல்ட்டைக் கிட்டத்தட்டக் கடைசி வரை தளராமல் தரும், கசிவதற்கான வாய்ப்பும் குறைவு. விலை வேறுபாடு சில பத்து ரூபாய்தான். அந்தச் சில பத்து ரூபாய் யாருடைய பையில் தங்கியது என்பதை இனி ஆராய்ந்து பயனில்லை.

இந்தப் பெட்டியோடு பேட்டரி எதுவும் வருவதில்லை; அது நல்லதே. தனியாக வாங்குவோர் ரெனாட்டா, மாக்செல், முராட்டா போன்ற பெயர்களை, உறை பிரிக்கப்படாத அட்டையில், காலாவதித் தேதியைப் பார்த்து வாங்கலாம். சோனியின் பேட்டரித் தொழிலை 2017-இல் முராட்டா வாங்கிவிட்டதால், இன்று சோனியின் பெயரோடு புதுச் சரக்கு என்று விற்கப்படும் அட்டைகளைச் சந்தேகத்தோடு பார்ப்பது நலம்.

பெட்டியில் எனக்கு மிகவும் ஏமாற்றம் அளித்தது சாமணம். அது முழுக்க உலோகம். உலோகச் சாமணத்தால் பேட்டரியின் இரு முகங்களையும் சேர்த்துப் பிடித்தால் மின்சுற்று குறுகி, புதுப் பேட்டரி கடிகாரத்துக்குள் போவதற்கு முன்பே வலுவிழக்கத் தொடங்கிவிடும். வெறும் விரலால் எடுத்தாலோ தோலின் எண்ணெய்ப்பசை படியும். பிளாஸ்டிக் சாமணம் ஒன்றைத் தனியாக வாங்கிய பிறகே எனக்குத் துணிவு வந்தது. பேட்டரியைப் பிடித்திருக்கும் கவ்வியை விலக்கும்போது திருப்புளி நழுவாமல் பார்த்துக்கொள்வது இன்னும் முக்கியம். பேட்டரிக்கு அருகிலேயே செம்புக் கம்பிச் சுருள் ஒன்று இருக்கும். நொடிக்கொரு முறை அதில் பாயும் மின்துடிப்புதான் முள்ளை நகர்த்துகிறது. தலைமுடியைவிட மெல்லிய அந்தக் கம்பி ஓரிடத்தில் அறுந்தாலும் மெஷினையே மாற்ற வேண்டியதாகிவிடும். பெட்டியில் உள்ள திருப்புளிகளின் முனைகள் மென்மையான இரும்பால் ஆனவை; இறுகிய திருகு ஒன்றைக் கழற்றியபோது திருகு அசையவில்லை, முனைதான் முறுக்கிக்கொண்டது.

திறப்பதைவிட மூடுவதே கடினம் என்பதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. கட்டைவிரலால் அழுத்தினால் மூடிக்கொள்ளும் கடிகாரங்களும் உண்டு. என் மனைவியின் கடிகாரம் அந்த ரகமல்ல. இரு கட்டைவிரல்களும் சிவக்கும் வரை அழுத்தியும் அது அசையவில்லை. இதற்கென்று இருக்கும் அழுத்துகருவி இந்தப் பெட்டியில் இல்லை. அதைத் தனியாக, பெட்டியின் விலையில் ஏறக்குறைய பாதி கொடுத்து வாங்கினேன். அதனோடு வரும் பிளாஸ்டிக் வட்டுகளுள், கண்ணாடியைத் தொடாமல் கூட்டின் விளிம்பில் மட்டும் அமரும் அளவுள்ளதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். சிறிய வட்டை வைத்து அழுத்தினால் கண்ணாடி விரிசல்விடும். மூடியின் உட்புறத்தில் நேரம் வைக்கும் சாவியின் தண்டுக்காக ஒரு வெட்டு விடப்பட்டிருந்தால், அதைத் தண்டுக்கு நேராகப் பொருத்தாத வரை எந்தக் கருவியும் உதவாது. நான் அரை மணி நேரம் போராடியதற்குக் காரணம் இதுவே. புது ரப்பர் வளையம் போட்டு, அதன் மேல் சிலிக்கோன் கிரீஸை மெல்லத் தடவி, வெட்டைச் சரியாகத் திருப்பி வைத்தபோது ஒரு சிறு ஓசையோடு மூடி அமர்ந்தது.

திருகி மூடும் வகைக்கென்று தரப்பட்டிருக்கும் மும்முனைத் திறவுகோலைப் பற்றிக் குறை சொல்ல ஒன்றுமில்லை. முனைகளைப் பள்ளங்களின் அகலத்துக்கு ஏற்பப் பொருத்திக்கொண்டு, கடிகாரம் அசையாதபடி பிடித்துக்கொண்டால் போதும்.

மகனின் காசியோ எஃப்-91டபிள்யூ கடிகாரத்துக்கு இந்தக் கத்தியும் திறவுகோலும் தேவையில்லை. பின்னால் உள்ள நான்கு சிறு திருகுகளைக் கழற்றினால் சி.ஆர்.2016 என்ற 3 வோல்ட் லித்தியம் பேட்டரி தெரியும். மூடியைத் தூக்கும்போது மிகச் சிறிய சுருள்வில் ஒன்று துள்ளி விழக்கூடும். அது தொலைந்தால் கடிகாரம் ஓடும், ஆனால் ஒலி எழுப்பாது. வெள்ளைத் துணி விரித்து அதன் மேல் வைத்து வேலை செய்ததால் எனக்கு அது கிடைத்தது. இத்தகைய டிஜிட்டல் கடிகாரங்கள் பலவற்றில் பேட்டரி மாற்றியதும், ஏ.சி. என்று குறிக்கப்பட்ட புள்ளியையும் பேட்டரியின் மேல்முகத்தையும் இரண்டு நொடி உலோக முனையால் இணைத்தால்தான் எண்கள் ஒழுங்காகத் தோன்றும். அந்த உலோகச் சாமணம் இந்த ஒரு வேலைக்குப் பயன்பட்டது. கழற்றிய பேட்டரியை மட்டும் மேசையில் விட்டுவிடாதீர்கள். 20 மில்லிமீட்டர் அகலமுள்ள லித்தியம் பேட்டரியைக் குழந்தை விழுங்கி, அது உணவுக்குழாயில் சிக்கிக்கொண்டால் இரண்டு மணி நேரத்துக்குள் திசுவை அரித்துவிடும்.

பெட்டி, அழுத்துகருவி, சாமணம், கிரீஸ் எல்லாம் சேர்த்து ஆயிரம் ரூபாய்க்கு மேல் ஆகிவிட்டது. வீட்டில் ஒரே கடிகாரம் இருப்பவருக்கு இது வீண்செலவு. எங்கள் வீட்டில் ஐந்து இருக்கின்றன. அப்பாவின் எச்.எம்.டி. ஜனதாவை அதில் சேர்க்கவில்லை. தினமும் சாவி கொடுத்து ஓட்டும் அந்தக் கடிகாரத்துக்குப் பேட்டரி எதற்கு என்று அவரே கேட்டுவிட்டார்.

இரண்டு வகைக் கடிகாரங்களை நான் தொடுவதில்லை. சூரிய ஒளியில் ஓடுபவற்றில் இருப்பது மறுமின்னேற்றம் செய்யத்தக்க பேட்டரி; அங்கே சாதாரண பேட்டரியைப் போடவே கூடாது. நூறு மீட்டர், இருநூறு மீட்டர் நீர்த்தாங்குதிறன் கொண்டவற்றை மூடிய பிறகு அழுத்தச் சோதனை செய்து பார்க்க வேண்டும். அதற்கான இயந்திரம் என்னிடம் இல்லை. நீச்சலுக்குக் கட்டிச் செல்லும் கடிகாரத்தை அதனால் இம்முறையும் தயாரிப்பாளரின் சேவை மையத்துக்கே கொடுத்திருக்கிறேன்.