தூள் விக்கிற எங்களுக்கு வட்ஸ்அப் பிஸ்னஸ்: கனகாலம் பாவிச்ச அனுபவம்

கிளிநொச்சிப் பக்கம் வீட்டோட ஒரு சின்ன மில் வச்சிருக்கிறம். வறுத்த மிளகாய்த்தூள்தான் மெயின், அதோட அரிசிமா, ஒடியல்மா. வட்ஸ்அப் பிஸ்னஸ் 2018இல வந்த அப், நாங்கள் அதுக்கு மாறினது 2020 ஊரடங்கு நேரம், ஆக்கள் கடைக்கு வர ஏலாமல் இருந்ததால. அண்டையில இருந்து இண்டைவரைக்கும் எங்கட விளம்பரம் எண்டா அது மட்டும்தான், இடையில எத்தினையோ பேர் வந்து அதை மாத்துங்கோ இதை மாத்துங்கோ எண்டு சொல்லியும் நாங்கள் மாத்தேல்ல, ஏன் மாத்தேல்ல எண்டதைத்தான் எழுதப்போறன்.

முதல்ல புரோட்காஸ்ட் லிஸ்ட், ஒரே மெசேஜைக் கனபேருக்கு ஒரேயடியா அனுப்புற லிஸ்ட். ஒரு லிஸ்ட்ல 256 பேர் வரைக்கும் போடலாம். குறூப் மாதிரி இல்லை, ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியாப் போகும், ஆரோட நம்பரும் மற்றாக்களுக்குத் தெரியாது, எங்கட ஊர்ப் பொம்பிளையளுக்கு இது சரியான முக்கியம். ஆனால் எங்கட நம்பரை அவையள் போனில சேவ் பண்ணியிருந்தால்தான் மெசேஜ் போய்ச் சேரும். இது தெரியாமல் கனபேர் "அனுப்பினன், ஒருத்தரும் பாக்கினமில்லை" எண்டு விட்டிட்டினம். நாங்கள் பைக்கற்றில ஒட்டுற ஸ்ரிக்கரிலயே "இந்த நம்பரைச் சேவ் பண்ணுங்கோ, தூள் இடிக்கிற நாளைச் சொல்லுவம்" எண்டு போட்டிருக்கிறம். புதுசா ஒராள் ஓடர் தந்தால் அம்மா காசு வாங்கேக்கையே "பிள்ளை, நம்பரைப் பதிஞ்சு வையணை" எண்டு கையோட சொல்லிப்போடுவா. அந்த ஒரு வசனம்தான் எங்கட முழு மார்க்கெட்டிங்குக்கும் அத்திவாரம், உண்மையாச் சொல்லுறன்.

என்ன அனுப்புறம் எண்டதை விட எப்ப அனுப்புறம் எண்டதிலதான் விசயம் இருக்கு. வன்னியில காசு எப்பவும் ஒரே மாதிரிப் புழங்காது. காலபோக வெட்டு முடிஞ்சு மாசி பங்குனியில நெல்லு வித்த காசு கைக்கு வரேக்க ஆக்கள் கிலோக்கணக்கில வேண்டுவினம், இரணைமடுக் குளத்துத் தண்ணியில சிறுபோகம் செய்யிற பக்கமெண்டா அந்த வெட்டு முடிய இன்னொருக்கா. விதைப்பு நேரம் உரத்துக்கும் உழவுக்கும் காசு போயிடும், அப்ப கால் கிலோப் பைக்கற்றைப் பற்றித்தான் கதைக்கோணும். ஆடிப்பிறப்புக்கு ஒரு கிழமைக்கு முதல் வறுத்த அரிசிமா, கூழுக்கும் கொழுக்கட்டைக்கும். கந்தசஷ்டி, திருவெம்பாவை எண்டு விரதம் வந்தால் மீன் இறைச்சி இல்லை, தூள் கொஞ்சமாத்தான் போகும், அந்த நாளில நாங்கள் தூளைப் பற்றி வாயே திறக்கிறதில்லை. யூலை ஓகஸ்ட்டில வெளிநாட்டில இருந்து வாறவை திரும்பிப் போகேக்க கொண்டுபோகக் கேப்பினம், அவைக்கெண்டு தனி லிஸ்ட். இப்பிடி ஒவ்வொரு வருசமும் அதே நேரம் அதே மெசேஜ்தான் போகுது. சலிக்காதோ எண்டு கேக்கினம், ஆடிப்பிறப்பே வருசா வருசம் வாறதுதானே, ஒருத்தருக்கும் சலிக்கேல்லையே.

எழுத்து மெசேஜை விட அம்மாட குரல்தான் எடுபடுது. "நாளைக்கு வறுக்கப்போறன், வேண்டுமெண்டால் இண்டைக்குச் சொல்லுங்கோ" எண்டு ஒரு சின்ன வொய்ஸ். வயசானவைக்கு வாசிக்கக் கண் தெரியாது, வொய்ஸைப் பேரப்பிள்ளை போட்டுக் காட்டும், உடன அவையே திருப்பி வொய்ஸில ஓடர் தருவினம், சிலபேர் செத்தல் மிளகாய் என்ன விலை போகுது, மல்லி எவ்வளவு போட்டனீங்கள் எண்டு கதையும் கதைச்சிட்டுத்தான் ஓடருக்கு வருவினம். நல்ல டிசைனில போஸ்ட் செய்து தாறன் எண்டு சொந்தக்காரத் தம்பி ஒராள் கேட்டவர், வடிவாத்தான் செய்திருந்தார், ஆனால் அந்தப் போஸ்ட்டோட ஆக்கள் கதைக்கமாட்டினம், அம்மாவோடதான் கதைப்பினம்.

2022 எல்லாரையும் ஆட்டின வருசம். ரூபா விழுந்து இறக்குமதிச் செத்தல் விலை ஏறிப்போச்சு, மார்ச் கடைசியில ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரைக்கும் கரண்ட் இல்லை, மில் ஓடாது, பெற்றோலுக்கு வரிசை. அந்த நேரம் கனபேர் விளம்பரத்தை நிப்பாட்டினவை, இல்லாட்டி முழுக்க வேற வழிக்குப் போனவை. நாங்கள் லிஸ்ட்டை அப்பிடியே வச்சுக்கொண்டு விலை ஏறமுதலே ஏறப்போகுது எண்டு சொன்னம், பைக்கற்றைச் சின்னனாக்கினம், கரண்ட் வாற நேரத்தைப் பாத்து அரைக்கிற நேரத்தை அறிவிச்சம், பார்சலை ஏ9 வீதியால போற பஸ்ஸில ஏத்தி விட்டம், மாங்குளத்திலயும் புளியங்குளத்திலயும் ஆக்கள் வந்து இறக்கி எடுத்தவை. வித்த அளவு குறைஞ்சதுதான், ஆனால் ஆக்கள் எங்களை விட்டுப் போகேல்ல, அது எனக்குப் பெரிய விசயம்.

அதே ஏ9 வீதியில முறிகண்டியில பாருங்கோ, பிள்ளையார் கோயிலடியில வாகனம் நிக்கும், தேங்காய் உடைப்பினம், கச்சான் வேண்டுவினம், பிறகுதான் பயணம். அங்க கச்சான் விக்கிறவை வாகனம் நிக்கிற இடத்தை விட்டு விலகினதில்லை. நாங்களும் அப்பிடித்தான், எங்கட ஆக்கள் இருக்கிற லிஸ்ட்டை விட்டு விலகேல்ல.

புதுசு ஒண்டும் செய்யக்கூடாதெண்டு நான் சொல்லேல்ல. வீடியோவும் போட்டுப் பாத்தம், பாத்தாக்கள் கனபேர், ஆனால் கேட்டது தூர இடத்தாக்கள், கால் கிலோவுக்குக் கூரியர் காசே பெரிசா நிக்கும். அதால வீடியோ மில் சுத்தமா இருக்கெண்டு காட்ட மட்டும் இருக்கட்டும் எண்டு விட்டிட்டம். எது வேலை செய்யுதெண்டு எப்பிடித் தெரியுமெண்டா, புதுசா வாற ஒவ்வொருத்தரிட்டயும் "ஆர் சொல்லி வந்தனீங்கள்?" எண்டு கேட்டுக் கொப்பியில எழுதுறம். பெரும்பாலும் பக்கத்து வீடு, மச்சாள், வேலையிடத்து அக்கா எண்டுதான் வரும், மெசேஜை ஆரோ போர்வேட் பண்ணியிருப்பினம். அந்தக் கொப்பி இல்லாமல் நானும் வீடியோவுக்குப் பின்னால போயிருக்கக்கூடும்.

மற்ற வசதியளையும் சொல்லோணும். லேபல் நல்லது, காசு தரவேண்டியவை, பஸ்ஸில அனுப்பவேண்டியவை எண்டு நிறம் போட்டுப் பிரிக்கலாம். விலை கேக்கிறவைக்குக் குயிக் றிப்ளை, ஒரு சாய்கோடு தட்டினால் எழுதி வச்சது வரும். சாமானைப் படத்தோட அடுக்கிக் காட்டுற கட்டலொக்கை எங்கட ஆக்கள் திறக்கிறதே குறைவு, வெளிநாட்டுக்காரர்தான் பாக்கினம். ஸ்டேட்டஸ் 24 மணித்தியாலத்தில போயிடும் எண்டாலும் வறுக்கிற நாள் சட்டியைப் படம் எடுத்துப் போட்டால் அண்டைக்கே நாலைஞ்சு பேர் கேப்பினம். பட்டன் போன் வச்சிருக்கிறவைக்கு இது ஒண்டும் உதவாது, அவைக்கு நான் இப்பவும் கோல் எடுத்துத்தான் சொல்லுறன்.

திரும்பத் திரும்ப வேண்டுற சாமான் விக்கிறவைக்கு, மா, தூள், முட்டை, பால், மரக்கறி எண்டு, இது நூறு வீதம் சரிவரும். பிறிட்ஜ், கட்டில் மாதிரி வருசக்கணக்கில ஒருக்கா விக்கிற சாமானெண்டா ஒரே ஆக்களுக்குத் திரும்பத் திரும்ப அனுப்பிப் பிரயோசனமில்லை, அவை புது ஆக்களைத் தேடுற வழியைத்தான் பாக்கோணும்.