650 ரூபாய் பெட்டியும் ஒன்பதாவது சொட்டும்

முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் கெமிஸ்ட்ரி எடுத்துவிட்டு, இப்போது பாளையங்கோட்டையில் எங்கள் சபை ஓய்வுநாள் பள்ளியில் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறேன். இந்த மே மாத வி.பி.எஸ்-சுக்காக (விடுமுறை வேதாகமப் பள்ளி) 'அறிவியல் வழி வேதபாடம்' என்று ஆன்லைனில் விற்கிற பெட்டி ஒன்றை 650 ரூபாய்க்கு வாங்கினோம். கம்பெனி பெயர் வேண்டாம். இதே மாதிரி நாலைந்து பேர் விற்கிறார்கள், உள்ளே இருப்பதும் ஏறக்குறைய ஒன்றுதான்.

பெட்டியின் நட்சத்திரம் அயோடின் சோதனை. பழுப்பு பாட்டிலில் 'பாவம்' என்று லேபிள், நிறமில்லாத பாட்டிலில் 'இயேசுவின் இரத்தம்'. டம்ளரில் தெளிந்த கரைசலை ஊற்றிப் பழுப்பைச் சொட்டினால் நிறம் காணாமல் போகும். பாவம் சிவப்பாக இருந்தாலும் வெண்மையாகும் என்கிற ஏசாயா 1:18 வசனம் சொல்லி முடித்துவிடலாம். பிள்ளைகள் வாயைப் பிளந்து பார்த்தார்கள், அதை மறுக்கமாட்டேன்.

அப்புறம்தான் ஒருவன் எழுந்தான். "டீச்சர், இன்னும் கொஞ்சம் பாவம் ஊத்தட்டா?"

ஊத்தச் சொன்னேன். ஒவ்வொரு சொட்டும் விழுந்த இடத்தில் ஒரு பழுப்புச் சுழி கிளம்பி, கலக்கியதும் மறைந்தது. ஒன்பதாவது சொட்டுக்கு மறையவில்லை. டம்ளர் முழுக்க இளம் டீத்தண்ணி நிறம்.

"ரத்தம் தீந்துட்டா, டீச்சர்?"

வகுப்பே என்னைப் பார்த்தது. அந்தப் பாட்டிலில் இருப்பது ஹைப்போ, அதாவது சோடியம் தயோசல்பேட். ஒரு பங்கு அயோடினுக்கு இரண்டு பங்கு செலவாகும், செலவானால் தீரும். போதாததற்கு அயோடின் எங்கேயும் போகவும் இல்லை. அயோடைடாக மாறி, நிறமில்லாமல் அதே டம்ளரில்தான் கிடக்கிறது. மன்னிப்புக்கு உவமை என்று சொல்லிவிட்டு, பாவத்தைக் கண்ணுக்குத் தெரியாமல் உள்ளேயே வைத்திருக்கிற சோதனையைக் காட்டினால் எப்படி? கூட வந்த கையேட்டில் இதைப் பற்றி ஒரு வரி கிடையாது.

சாயங்காலம் வீட்டில் லேபிள்களை நகத்தால் சுரண்டி எடுத்தேன். மறுநாள் 'அயோடின்', 'ஹைப்போ' என்றே எழுதி ஒட்டி, சோதனையைத் திரும்பச் செய்து, "வசனத்துக்கு இது எதுவரைக்கும் ஒத்துப்போகுது, எங்கே உதைக்குது, சொல்லுங்க" என்றேன். அன்றைக்கு நடந்ததுதான் பாடம். அதே பையன், "ஹைப்போவை அளந்து வச்சிருக்காங்க, இயேசுவோட ரத்தத்தை அளக்கலை" என்றான். இதற்கு மேல் நான் என்ன விளக்க?

மெழுகுவர்த்தி சோதனையில் எனக்குக் கோபமே வந்தது. தட்டுத் தண்ணீரில் மெழுகுவர்த்தியை ஏற்றி டம்ளரால் மூடினால் தண்ணீர் உள்ளே ஏறும். ஆக்சிஜன் தீர்ந்துபோவதால் ஏறுகிறது என்கிறது கையேடு. தப்பு. சுடர் அணையும்போது உள்ளே ஆக்சிஜன் மிச்சம் இருக்கும். சூடேறி விரிந்த காற்று குளிர்ந்து சுருங்குவதுதான் முக்கியக் காரணம். 1860-61 கிறிஸ்துமஸ் சமயத்தில் மைக்கேல் ஃபாரடே லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் மெழுகுவர்த்தியை வைத்தே பிள்ளைகளுக்கு ஆறு சொற்பொழிவு நடத்தினார். தன் சிறிய சபையில் மூப்பராகவும் இருந்த மனுஷர். வேதத்துக்காக அறிவியலை வளைத்தவர் அல்ல.

ஆனால் மூடினால் அணைகிறது என்பது மட்டும் பார்க்கிற யாருக்கும் புரியும். நான் டம்ளரை ஓரம்வைத்து, எங்கள் வீட்டில் நெல் அளக்கிற பழைய மரக்காலைக் கொண்டுபோனேன். 'விளக்கைக் கொளுத்தி மரக்காலால் மூடிவைக்காமல்' என்று மனப்பாடமாகச் சொல்கிற பிள்ளைகளில் ஒருவரும் மரக்காலைக் கண்ணால் பார்த்ததில்லை.

உப்புத் தண்ணீரில் முட்டை மிதக்கிற சோதனை சரியாக வந்தது. உப்பைத் தாராளமாகப் போடணும், அவ்வளவுதான். சொட்டான் ரப்பர் இரண்டாம் நாளே கிழிந்துவிட்டது. கையேட்டுத் தமிழ் மெஷின் பெயர்த்தது போலிருக்கிறது.

அடுத்த வருஷம் வாங்கமாட்டேன். மெடிக்கல் ஷாப்பில் பொவிடோன் அயோடின், ஒரு அட்டை வைட்டமின் சி மாத்திரை போதும். பொடித்துக் கரைத்தால் அதுவும் நிறத்தை எடுக்கும். ஹைப்போதான் வேண்டுமென்றால் மீன் தொட்டிக் கடையில் குளோரின் நீக்கி என்று கேளுங்கள், பெரும்பாலும் அதுதான்.

கடைசி நாள் ஆலயத்து மேசை விரிப்பில் அயோடின் கொட்டிவிட்டது. பெண்கள் ஐக்கிய சங்கத்து அக்கா பார்ப்பதற்குள் மிச்சமிருந்த ஹைப்போவை ஊற்றினேன். கறை போய்விட்டது. பிறகு குழாயடிக்குக் கொண்டுபோய் இரண்டு தண்ணியில் நன்றாக அலசிக் காயப்போட்டேன்.