குஞ்சா, வெடைக்கோழியா? இரண்டையும் வளர்த்துப் பார்த்த பிறகு

முதல் தடவை 12 ஒருநாள் குஞ்சுகள் வாங்கினேன். அடுத்த தடவை 17 வாரத்து வெடைக்கோழிகள் ஐந்து, அதாவது இன்னும் முட்டையிட ஆரம்பிக்காத இளம் பெட்டைகள். மூன்றாவது தடவை வாங்கினால் கை வெடைப் பக்கம்தான் போகும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கீழே தராசு ஒரு பக்கம் சாய்ந்தால் ஆச்சரியப்பட வேண்டாம்.

எல்லோருக்கும் தெரிந்ததை வேகமாக முடித்துவிடலாம். குஞ்சு மலிவு, பார்க்க அழகு, கைக்கு நன்றாகப் பழகும். வெடை விலை கூட, ஆனால் சில வாரத்தில் முட்டை. குஞ்சாக வாங்கினால் முட்டைக்கென்றே வளர்க்கும் கலப்பினங்களுக்கு ஏறக்குறைய 18 முதல் 22 வாரம், கனத்த உடம்பு ரகங்களுக்கு அதற்கும் மேலே. அந்த மலிவும் முழுசாக நம்பத்தக்கதல்ல. 18 வாரத்துக்குள் ஒரு கோழி 6 கிலோவுக்குக் குறையாமல் தீவனம் தின்றுவிடும். வெடைக்குக் கூடுதலாகக் கொடுக்கும் காசில் அந்தத் தீவனமும் அடக்கம், யாரோ ஒருவர் தொலைத்த தூக்கமும் அடக்கம்.

தூக்கம் என்றதும் சிரிக்க வேண்டாம். என்னை வெடைப் பக்கம் தள்ளியதே அதுதான். குஞ்சுக்கு இறகு கிடையாது, வெறும் பஞ்சு. முதல் வாரம் அது நிற்கிற மட்டத்தில் சுமார் 35 டிகிரி செல்சியஸ் சூடு வேண்டும். பிறகு வாரத்துக்கு 3 டிகிரி வீதம் குறைத்துக்கொண்டு வரலாம். உடம்பை இறகு மூட ஐந்தாறு வாரம் ஆகும். வெப்பமானி மாட்டியிருந்தேன், ஆனால் குஞ்சுகள் அதைவிடத் தெளிவாகச் சொல்லும். பெட்டிக்கு மேலே தொங்கும் சூட்டு விளக்கடியில் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடந்தால் குளிர். ஓரத்துக்கு ஒதுங்கி வாயைப் பிளந்து மூச்சு வாங்கினால் சூடு அதிகம். பெட்டி முழுக்கப் பரவி, மெல்லக் கீச்சிட்டுக்கொண்டு திரிந்தால் நாம் போய்ப் படுக்கலாம்.

ஒன்பதாம் நாள் ராத்திரி 2 மணி இருக்கும், கீச்சுச் சத்தம் கூர்மையாக மாறியதில் விழித்தேன். பல்பு போய்விட்டிருந்தது. பெட்டி மூலையில் மஞ்சளாக ஒரு மேடு. கையை விட்டு விலக்கினால் அடியில் கிடந்த இரண்டு நசுங்கிச் செத்திருந்தன. மூன்றாவதுக்குக் கழுத்து தொங்கியது. அதைச் சட்டைக்குள் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், விடியற்காலையில் கத்த ஆரம்பித்தது. மறுநாளே இரண்டாவது விளக்கு வாங்கி மாட்டினேன். இப்போது வேறு பயம்: மரத்தூளுக்கு மேலே தொங்குகிற சூட்டு விளக்கு அறுந்து விழுந்தால் தீப்பிடிக்கும். சங்கிலி ஒன்று, அது போதாதென்று கம்பி ஒன்று. அப்படியும் ஐந்தாம் வாரம் வரை ராத்திரிக்கு இரண்டு முறை எழுந்து பார்ப்பது நிற்கவில்லை. அடைக்கோழி ஒன்று கைவசம் இருந்தால் இருட்டில் குஞ்சுகளை அதன் அடியில் தள்ளிவிட்டு நிம்மதியாக இருக்கலாம். எனக்கு அப்படி ஒன்று வாய்க்கவில்லை, ஆகவே இந்தப் புலம்பல் விளக்கை நம்பி வளர்ப்பவர்களுக்கு மட்டும்.

மிஞ்சிய பத்தில் நாலு சேவல். ஆண் பெண் பிரிக்காமல் வாங்கினால் பாதி சேவலாகும் என்று தெரிந்தேதான் வாங்கினேன், அதனால் விற்றவரைக் குறை சொல்ல முடியாது. சட்டைக்குள் பிழைத்ததுதான் முதலில் கூவியது. பொரித்தவுடன் பஞ்சின் நிறத்தை வைத்தே ஆண் பெண் சொல்லிவிடக்கூடிய கலப்பினங்கள் உண்டு. குஞ்சுதான் வேண்டும் என்பவர்கள் அவற்றைத் தேடலாம்.

வெடையில் ஏமாறுகிற இடம் வயது. எனக்குக் கொடுத்த ஐந்தில் ஒன்று முட்டையிட்டு ஓய்ந்த கிழம், வீட்டுக்கு வந்த பிறகுதான் பார்த்தேன். இப்போது தூக்கிப் பார்க்காமல் வாங்குவதில்லை. வெடைக்குக் கால் செதில் வழவழவென்று இருக்கும், கொண்டை சின்னதாக வெளிறியிருக்கும். எச்சத் துவாரத்துக்கு இரண்டு பக்கமும் தட்டுப்படும் இடுப்பெலும்புகளுக்கு நடுவே ஒரு விரல் நுழைவதே கஷ்டம். இரண்டு மூன்று விரல் தாராளமாகப் போனால் அது முட்டையிட்ட கோழி. என்னென்ன தடுப்பூசி போட்டது என்றும் கேட்க வேண்டும். மாரெக்ஸ் என்கிற வைரஸ் நோய்க்கான ஊசி பொரித்த உடனே போடுவது, வளர்ந்த பிறகு நாம் போட்டுப் பெரிதாகப் பலனில்லை. வீட்டில் ஏற்கெனவே கோழி இருந்தால் புதிதாக வந்தவற்றை ஒரு மாதம் தள்ளி வைக்க இடம் வேண்டும். குஞ்சிலிருந்தே தொடங்குகிறவருக்கு இந்தத் தொல்லை இல்லை, அதை மறைக்க மாட்டேன்.

மற்றபடி வெடைகள் கொடுத்த வேலை சொற்பம். கூண்டில் வளர்ந்தவை போலிருக்கிறது, பரணில் ஏறத் தெரியவில்லை. இருட்டிய பிறகு ஒவ்வொன்றாகத் தூக்கி உட்கார வைத்தேன், ஆறாம் நாள் தானாக ஏறின. முட்டை வருகிறவரை வளர்கோழித் தீவனமே போட்டேன். முட்டைக்கோழித் தீவனத்தில் இருக்கிற சுண்ணாம்புச்சத்து இளசுகளின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். மூன்றாம் வாரம் ஒன்றுக்குக் கொண்டை சிவந்தது. முதுகில் கை வைத்தால் ஓடாமல் இறக்கையை விரித்துப் பதுங்கியது. நாலு நாள் கழித்துத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ரத்தக்கீற்றோடு ஒரு சின்ன முட்டை.

பழக்கத்தில் மட்டும் குஞ்சுதான் மேல். நான் வளர்த்த ஆறு பெட்டைகளும் தாழ்ப்பாள் சத்தம் கேட்டாலே காலைச் சுற்றி நிற்கும். வெடையாக வந்தவை தீவனத்தட்டு கையில் இருந்தால்தான் என்னைத் திரும்பிப் பார்க்கும்.