காந்தப்புலத்தின் பழைய வலிமை: பானை ஓடா, எரிமலைப் பாறையா, ஏரிச் சேறா?

சில ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் பூமியின் காந்தப்புலம் எவ்வளவு வலுவாக இருந்தது என்று அறிய இந்த மூன்றும் உதவும். என் வேலைக்கு நான் பானை ஓடுகளைத்தான் எடுத்துக்கொண்டேன்.

ஏரிச் சேற்றின் பலம் தொடர்ச்சி. ஆனால் அதில் கிடைப்பது ஒப்பீட்டு வலிமைதான், மைக்ரோடெஸ்லாவில் (காந்தப்புல வலிமையின் அலகு) நேரடி எண் வராது. படிந்து இறுகும்போது திடீர் மாற்றங்கள் மழுங்கியும் விடுகின்றன. சேற்று மாதிரிகளோடு எனக்குப் பழக்கம் குறைவு, அதனால் இதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

எரிமலைப் பாறையும் பானை ஓடும் காந்தம் பெறும் விதம் ஒன்றுதான். அவற்றிலுள்ள மேக்னடைட் (காந்தமேறும் இரும்பு ஆக்சைடு கனிமம்) துகள்கள் சுமார் 580 டிகிரி செல்சியஸிலிருந்து கீழே ஆறும்போது, அப்போதைய புலத்தின் வலிமைக்கேற்ப அவற்றில் காந்தம் பதிகிறது. பாறை உறைந்த இடத்திலேயே இருப்பதால் புலத்தின் திசையையும் சொல்லும். இடம் மாறிப் புரண்ட ஓட்டில் அது போய்விடும். திசைதான் வேண்டுமென்றால் பாறைக்கோ, அசையாத சூளைத் தரைக்கோ போங்கள்.

வலிமை என்று வந்தால் என்னைப் பொறுத்தவரை ஒரே கேள்விதான்: ஆய்வகத்தில் மறுபடி சூடாக்கும்போது மாதிரி மாறாமல் இருக்குமா? பிரெஞ்சு இயற்பியலாளர்களான தெலியே தம்பதி 1959இல் விளக்கிய முறையில், மாதிரியைப் படிப்படியாகச் சூடாக்கி, இழந்த பழைய காந்தத்தையும் தெரிந்த புலத்தில் புதிதாக ஏறிய காந்தத்தையும் ஒப்பிடுகிறோம். நடுவில் புதுக் கனிமம் உருவானால் அந்த விகிதமே பொய்யாகிவிடும். எரிமலைப் பாறையில் உள்ள டைட்டனோமேக்னடைட் (டைட்டானியம் கலந்த மேக்னடைட்) உலையில் ஆக்சிஜனேறிப் பல மாதிரிகளை இப்படித்தான் வீணாக்குகிறது. பானையைக் குயவர் ஏற்கெனவே சூளையில் சுட்டுவிட்டார், மாற வேண்டியதில் பெரும்பகுதி அன்றே மாறிவிட்டது. இடையிடையே குறைந்த வெப்பநிலைக்குத் திரும்பிச் சரிபார்க்கும்போது, நன்றாக வெந்த ஓடுகளில் எண்கள் பெரும்பாலும் பொருந்திவருகின்றன. அரைவேக்காட்டு ஓடுகளுக்கு இந்த உத்தரவாதம் கிடையாது, உள்ளே கறுத்திருப்பதை முதலிலேயே ஒதுக்கிவிடுவேன்.

அப்புறம், காலக்கணிப்பு. அதிலும் ஓடு கைகொடுக்கும். எருசலேமைச் சுற்றியிருந்த பழைய யூதேயா நாட்டின் ஜாடிக் கைப்பிடிகளில் பதித்த அரச முத்திரைகளே காலத்தைக் காட்டின. அவற்றை வைத்து 2017இல் வெளியான ஆய்வு, கி.மு. 8ஆம் நூற்றாண்டில் புலம் மிக உயர்ந்து, பிறகு வேகமாகச் சரிந்ததைக் கண்டது.

ஓட்டுக்கு இரண்டு திருத்தங்கள் கட்டாயம். வனையும்போது துகள்கள் சுவரின் வாக்கில் படுத்துவிடுவதால், காந்தம் எல்லாத் திசையிலும் ஒரே அளவில் ஏறாது. சூளை மெதுவாக ஆறும், ஆய்வக உலை சீக்கிரம் ஆறிவிடும். மெதுவாக ஆறினால் நுண்துகள்களில் காந்தம் கூடுதலாகப் பதிவதால், திருத்தாவிட்டால் புலம் சில சதவீதம் மிகையாகத் தெரியும். இவ்விரண்டையும் செய்ததாகச் சொல்லாத பழைய அளவீடுகளை நான் ஒப்பீட்டில் சேர்ப்பதில்லை.