நீக்கிய கோப்பை மீட்டுத் தருவதாகச் சொல்லி என் ஒரு மாத ஊதியத்தை வாங்கிக்கொண்டார்கள்

மூன்று ஆண்டுகளாகச் சேர்த்த ஆய்வுத் தரவுகள் அனைத்தும் ஒரே தரவுத்தளக் கோப்பில் இருந்தன. நான்கு நாட்களுக்கு முன் என் லினக்ஸ் கணினியில் பழைய கோப்புகளைக் களைந்தபோது, கோப்புகளை நீக்கும் ஆர்எம் (rm) கட்டளையில் கோப்புறையின் பெயரைத் தவறாகக் கொடுத்து அதையும் நீக்கிவிட்டேன். ஆனால் தரவுத்தள நிரல் நிற்கவில்லை; கேட்ட கேள்விகளுக்கெல்லாம் சரியான விடையையே தந்துகொண்டிருந்தது. இணையவழித் தரவு மீட்புச் சேவை ஒன்றைத் தொடர்புகொண்டு, முதல் வரியிலேயே இதைச் சொன்னேன்.

பேசியவர் மிகவும் பொறுமையானவராகத் தெரிந்தார். "நாங்கள் வட்டைத் துழாவுவதில்லை, இயக்குதளத்தின் அழைப்பு ஒன்றின் மூலமே கோப்பைத் திரும்பப் பெறுகிறோம்" என்றார் (அழைப்பு என்பது, ஒரு நிரல் இயக்குதளத்திடம் ஒரு வேலையைச் செய்து தரக் கேட்கும் வழி). அந்த ஒரு வாக்கியத்தில்தான் நான் விழுந்தேன். ஒரு மாத ஊதியத்தை முழுமையாக முன்பணமாகச் செலுத்தினேன். உடனே அவர், எல்லா நிரல்களையும் மூடி, அவர்களுடைய மென்பொருளை அதே வட்டில் நிறுவி, கணினியை மறுதொடக்கம் செய்யச் சொன்னார். செய்தேன்.

திரும்பி வந்தது, சரியான பெயரும் பூஜ்யம் பைட் அளவும் கொண்ட ஒரு கோப்பு.

ஆர்எம் கட்டளை அன்லிங்க் (unlink) என்ற அழைப்பின் வழியாகக் கோப்பின் பெயரை மட்டுமே நீக்குகிறது என்பதையும், ஏதேனும் ஒரு நிரல் அதைத் திறந்து வைத்திருக்கும் வரை உள்ளடக்கம் வட்டிலேயே இருக்கும் என்பதையும் பிறகுதான் படித்தறிந்தேன். இயங்கும் நிரல்களின் விவரங்களை லினக்ஸ் காட்டும் ப்ராக் (/proc) கோப்பகத்தில், அந்த நிரலின் எண்ணுக்குக் கீழ், அது திறந்து வைத்திருக்கும் கோப்புகளைக் காட்டும் எஃப்டி (fd) கோப்புறையிலிருந்து ஒரே நகலெடுப்புக் கட்டளையில், ஒரு காசு செலவில்லாமல், அதை எடுத்திருக்கலாம். நிரலை மூடச் சொன்ன அந்த நொடியில்தான் என் தரவுகள் கைவிட்டுப் போயின. வட்டில் கோப்புகளை ஒழுங்குபடுத்தி வைக்கும் எக்ஸ்ட்4 (ext4) கோப்பு முறைமை, நீக்கிய கோப்பைத் திறந்து வைத்திருந்த கடைசி நிரலும் அதை விட்டதும், உள்ளடக்கம் எங்கெங்கே உள்ளது என்ற குறிப்பையும் துடைத்துவிடுகிறது. அதை மீட்டுத் தரும் அழைப்பு எதுவும் லினக்ஸில் இல்லை. இல்லாத ஒன்றைத்தான் எனக்கு விற்றார்கள்.

பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு முதல் நாள் "பொறியாளர் பார்த்துக்கொண்டிருக்கிறார்" என்றார்கள். மறுநாள், கோப்பின் பெயர் கிடைத்துவிட்டதால் இது "பகுதி வெற்றி" என்றும், பகுதி வெற்றிக்குப் பணம் திருப்பித் தரப்படாது என்றும் எழுதினார்கள். ஒரு மாத ஊதியத்துக்கு ஒரு பெயர்! இன்று காலை முதல் பதிலே இல்லை. என்னிடம் எஞ்சியிருப்பது ஐந்து மாதம் பழைய காப்பு நகல் மட்டுமே.

விரிவான வழிகாட்டி எழுதத்தான் உட்கார்ந்தேன். இப்போது இவ்வளவே முடிகிறது. கோப்பை நீக்கிவிட்டால், அதைத் திறந்து வைத்திருக்கும் நிரலை மூடாதீர்கள், மறுதொடக்கம் செய்யாதீர்கள். திறந்திருக்கும் கோப்புகளைப் பட்டியலிடும் எல்எஸ்ஓஎஃப் கட்டளையைக் கூட்டல் எல்1 தெரிவுடன் (lsof +L1) இயக்கினால், நீக்கப்பட்டும் திறந்திருக்கும் கோப்புகள் தெரியும். அந்த நிரல் கோப்பில் எழுதுவதை மட்டும் நிறுத்திவைத்து, மேலே சொன்ன எஃப்டி கோப்புறையிலிருந்து வேறொரு வட்டுக்கு நகலெடுங்கள். அதே வட்டில் எதையும் நிறுவாதீர்கள். முழுத் தொகையையும் முன்பணமாகக் கேட்பவரிடம் எந்த அழைப்பு என்று பெயரைக் கேளுங்கள்; நான் கேட்கவில்லை.