புதிய பயிற்சியாளரின் முதல் தேர்வு: எங்கள் கல்லூரிக் கபடி அணி

தஞ்சாவூருக்கு அருகே நாங்கள் படித்த கல்லூரியின் கபடி அணிக்குப் புதிதாக வந்துள்ள பயிற்சியாளர், விளையாட்டு ஒதுக்கீட்டில் இந்த ஆண்டு சேர்த்த மாணவர்களைப் பழைய மாணவர்களான நாங்கள் நால்வர் மூன்று மாலைகள் திடலோரம் அமர்ந்து பார்த்தோம். பாடிச் செல்பவர்களையே தேடிச் சேர்த்து, பிடிக்க ஆளின்றித் தோற்றுத் திரும்பிய முந்தைய ஆண்டுகளை நினைத்தால், இம்முறை பிடி ஆட்டக்காரர்களுக்கு முதலிடம் தந்தது சரியான முடிவே. ஒரத்தநாட்டுப் பக்கத்திலிருந்து வந்த, இடது ஓரத்தில் நின்று பிடிக்கும் ‘இடது கார்னர்’ மாணவர், எதிராளி கூடுதல் புள்ளி தரும் போனஸ் கோட்டை நோக்கிக் காலை நீட்டும்வரை அசையாமல் நின்று, பாதம் தரையில் படும் கணத்தில் கணுக்காலைப் பற்றிவிடுகிறார். தம் அணியில் மூவரே களத்தில் எஞ்சியிருந்தபோது அவர் ஒரு கணுக்கால் பிடியில் இரண்டு புள்ளிகள் பெற்றுத் தந்ததும், என் நண்பர் தேநீரைத் தம் சட்டையிலேயே கொட்டிக்கொண்டார்.

பாடிச் செல்லும் இருவரிடம் அந்தத் துணிவு இல்லை. அடுத்தடுத்து இரு ரைடுகள் (பாடிச் செல்லும் முறைகள்) புள்ளியின்றி வெறுமையாகி, மூன்றாவதில் புள்ளி எடுத்தே தீரவேண்டிய நிலையிலும், ஒரு ரைடுக்கான 30 வினாடிகளில் பாதியை நடுக்கோட்டருகிலேயே கழிக்கிறார்கள். வண்டல் மண்ணில் ஆடி வளர்ந்த இவர்களுக்கு 13 மீட்டர் நீளமும் 10 மீட்டர் அகலமும் கொண்ட ‘மேட்’ எனும் செயற்கை விரிப்பில் பயிற்சி வேண்டும். கல்லூரியிலோ மேட் இல்லை, மண் களமும் ஐப்பசி மழையில் சேறாகிவிடும். இப்போதைக்கு ஐந்துக்கு மூன்றரை தருகிறேன். அதில் அரை மதிப்பெண் அந்தக் கணுக்கால் பிடிக்கு.